பல தோட்டம், ஒரே தொட்டி

அரவைக் காலத்தில் படாளம் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஊரை முதலில் கண்டுகொள்வது மூக்குதான். வெல்லம் காய்ச்சுகிற வாடை. கூர்ந்து மோந்தால் அதற்கடியில் லேசான புளிப்பு. கொஞ்சம் கள் வாடை மாதிரி இருக்கிறதே என்றால், டீக்கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். இல்லை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. வெட்டுப்பட்ட முனைகளில் சாறு கசிகிறது. கரும்பின் தோலில் ஏற்கெனவே ஒட்டியிருந்த ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வேலையைத் தொடங்கிவிட்டன.

இந்த அத்தியாயம் சிவப்பு ஒயினைப் பற்றியது. மதுராந்தகத்துக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இங்கே ஏரி உண்டு, நெல் உண்டு, கரும்பு உண்டு, வேர்க்கடலை உண்டு; திராட்சைப் பந்தல் கிடையாது. ‘ஒயின் ஷாப்’ உண்டு, ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பெயருள்ள கடையில் ஒயின் வாங்குகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே விற்கும் பிராந்தியும் ரம்மும் பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் செய்தவை. திராட்சையைப் பிழிந்து செய்ய வேண்டிய பிராந்திகூட நம்மூரில் கரும்பின் பேரப்பிள்ளைதான்.

நான் படாளத்தில் தொடங்குவதற்குக் காரணம் வேறு. ஐரோப்பாவில் சில ஊர்களில் சிறு திராட்சை உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒயின் செய்கிறார்கள். தோட்டம் அவரவருடையது, தொட்டி எல்லோருக்கும் பொது. அந்தத் தொட்டியின் முன்னால் எழுகிற கேள்வியும் படாளத்து எடைமேடையின் முன்னால் எழுகிற கேள்வியும் ஒன்றுதான்: எல்லாருடைய சாறும் ஒன்றாகக் கலந்த பிறகு, அதில் யாருடைய இனிப்பு எவ்வளவு?

ஜெர்மனியில் ரைன் ஆற்றில் வந்து சேரும் சிற்றாறு ஆர். அதன் கரையில் மைஷோஸ் என்ற ஊரில் 1868 டிசம்பரில் 18 பேர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். செங்குத்தான பாறைச் சரிவில் ஆளுக்குச் சில படிக்கட்டு அளவு தோட்டம். தனியாக ஒயின் செய்ய இடமும் இல்லை, பீப்பாயும் இல்லை, வியாபாரி சொன்ன விலைக்கு மேல் பேச வாயும் இல்லை. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. உலகின் மிகப் பழைய ஒயின் கூட்டுறவு என்று சொல்லப்படுவது அதுதான். அதன் பெருமை சிவப்பு ஒயின். 2021 ஜூலையில் ஆர் ஆற்றில் வந்த பெருவெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கையே புரட்டிப்போட்டது.

அதே ரைன் கரையில், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத நோய்வீட் பக்கத்தில், ரைஃபைசன் என்ற கிராம நிர்வாகி 1860களில் உழவர் கடன் சங்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அவற்றைப் படித்து வரச் சொல்லி சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவருடைய அறிக்கை 1890களின் நடுவில் வந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் எழுந்த கிராமச் சங்கம் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில். இன்று திரூர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, மைஷோஸ் ஒயினும் படாளத்துச் சர்க்கரையும் ஒரே ஆற்றங்கரையிலிருந்து வந்த பங்காளிகள்.

*

இனிப்பை எப்படி அளப்பது? நாக்கு நல்ல கருவிதான், ஆனால் அதற்கு எண் சொல்லத் தெரியாது. இரண்டாவது வாய்க்குள் முதல் வாய் மறந்துவிடும்.

படாளத்துக்கு மேற்கே ஒரு கரும்புத் தோட்டத்தில், பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனான குழல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரிஃப்ராக்டோமீட்டர். ஆலை ஆட்கள் இதைக் கொண்டு ‘பிரிக்ஸ் பார்ப்பது’ வழக்கம். தோட்டக்காரர் அறுபதைத் தாண்டியவர். சோகையை உரித்து, அடிக்கணுவுக்கு மேலே கத்தி முனையால் ஒரு குத்துக் குத்தினார். ஒரு சொட்டுச் சாறு எட்டிப் பார்த்தது. அதைக் கருவியின் கண்ணாடிச் சரிவில் தடவி, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தேன். வட்டத்துக்குள் மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு. கோடு 20½இல் நின்றது.

“நுனியிலயும் பாருங்க சார்” என்றார்.

கொழுந்தாடைக்குக் கீழே இரண்டாவது கணுவில் 16.

“அப்ப இன்னும் ஆவல.”

அவர் எண்ணைக் கேட்டுச் சொன்ன தீர்ப்பு, பாடப்புத்தகம் சொல்வதுதான். கரும்பு தன் இனிப்பை அடியிலிருந்து மேல்நோக்கிச் சேமிக்கிறது. வளரும்போது நுனிப்பகுதி வரும் சர்க்கரையை எல்லாம் இலையும் தண்டும் கட்டச் செலவழித்துவிடும். வளர்ச்சி நின்ற பிறகுதான் மேல்கணுக்களிலும் இனிப்பு தங்கும். நுனி எண்ணை அடி எண்ணால் வகுத்து, விடை 1ஐ நெருங்கினால் முற்றிய கரும்பு. நம்முடையது 0.78. அடிக்கரும்பு, நுனிக்கரும்பு என்று பேச்சில் சும்மா வருகிற சொற்களுக்குள் ஒரு வகுத்தல் கணக்கு ஒளிந்திருக்கிறது.

அந்தக் குழலுக்குள் நடப்பது வாளித் தண்ணீரில் குச்சி வளைந்து தெரிகிற அதே சங்கதி. ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது வேகம் குறைந்து திசை மாறும். நீரில் சர்க்கரை கரைந்திருந்தால் இன்னும் குறையும், இன்னும் வளையும். எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். 100 கிராம் சாற்றில் 20 கிராம் கரைபொருள் என்றால் 20 பிரிக்ஸ். அடால்ஃப் பிரிக்ஸ் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர். அவர் அட்டவணை போட்டது சாற்றின் அடர்த்தியை வைத்து. ஒளியை வளைத்து அளக்கும் கருவியை முழுமையாக்கிய எர்ன்ஸ்ட் ஆபே அடுத்த தலைமுறை. திராட்சைக்காரர்களுக்கென்று பொற்கொல்லர் ஃபெர்டினாண்ட் ஓக்ஸ்லே ஒரு மிதவை செய்து கொடுத்தார். ஜெர்மனியில் திராட்சையின் தரத்தை இன்றும் அவர் பெயரிட்ட அளவில்தான் பேசுகிறார்கள். பொன்னை உரசிப் பார்க்கிறவர் கையில் திராட்சைச் சாறும் தப்பவில்லை.

திராட்சைக்கு இந்த எண் ஏன் உயிர் என்றால், அதுதான் பின்னால் ஒயினின் வீரியமாக மாறப்போகிறது. ஈஸ்ட் சர்க்கரை மூலக்கூறு ஒன்றை உடைத்தால் இரண்டு ஆல்கஹால், இரண்டு கரியமில வாயு. எடையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 சதவீத ஆல்கஹால் என்பது ஒயின்காரர்களின் வாய்க்கணக்கு. நல்ல சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 220 கிராம் வேண்டும். அது 13 சதவீதம் தரும்.

*

கரும்பின் இனிப்பும் திராட்சையின் இனிப்பும் ஒன்றல்ல. கரும்பில் இருப்பது சுக்ரோஸ், இரண்டு சிறு சர்க்கரைகள் கைகோத்து நிற்கும் ஜோடி. திராட்சையில் அந்த ஜோடி பிரிந்து, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும். ரிஃப்ராக்டோமீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கரைந்திருப்பது எதுவானாலும் அது எண்ணில் சேர்த்துவிடும், உப்பைக்கூட. வித்தியாசம் பார்க்க இன்னொரு கருவி வேண்டும். அதன் கதை ஒயின் பீப்பாயில் தொடங்குகிறது.

ஒயின் வைத்த பீப்பாயின் உள்சுவரில் நாளடைவில் கல்போல ஒரு படிவு ஒட்டும். டார்டாரிக் அமிலத்தின் உப்பு. 1848இல் இருபத்தைந்து வயது லூயி பாஸ்டர் அந்த வகை அமிலமொன்றின் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின் அடியில் வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியல் மற்றதன் கண்ணாடிப் பிம்பம், இடது கையும் வலது கையும் போல. ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியை ஒரு கரைசலின் வழியே அனுப்பினால் அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பியது. மற்ற கரைசலில் அதே அளவு இடப்பக்கம் திரும்பியது. சில கரைசல்கள் ஒளியைத் திருப்பும் என்று இயற்பியலாளர் பியோ 1815இலேயே கண்டிருந்தார். ஏன் என்று காட்டியவர் பாஸ்டர். அந்தத் திருப்பத்தை அளப்பதுதான் நான் சொன்ன இன்னொரு கருவி.

சுக்ரோஸ் ஒளியை வலப்பக்கம் திருப்பும். அதே சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிவிட்டால், ஃபிரக்டோஸ் இடப்பக்கம் பலமாக இழுப்பதால் மொத்தமும் இடப்பக்கம் திரும்பிவிடும். வலம் இடமாகப் புரள்வதால் அப்படி உடைந்த சர்க்கரைக்கே ‘புரண்ட சர்க்கரை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் அதனுள்ளே இந்தப் புரட்டல் நடந்துகொண்டே இருக்கும். நாக்குக்கு இனிப்பு குறைந்ததாகத் தெரியாது. ஆலைக்கு நஷ்டம், ஏனென்றால் புரண்ட சர்க்கரை படிகமாகாமல் பாகிலேயே தங்கிக் கழிவுப்பாகாகிவிடும். அதனால்தான் கரும்பை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்கிறார்கள்.

அந்த டார்டாரிக் அமிலத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. மதுராந்தகத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்தருகே வசவசமுத்திரம் இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறை 1970ஐ ஒட்டி அங்கே அகழ்ந்தபோது கூர்ங்கால் சாடிகளின் ஓடுகளும் உறைகிணறுகளும் கிடைத்தன. அத்தகைய சாடிகளில்தான் மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் கப்பலேறியது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அவை ஏராளம். யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குச் சொல்கிறார். ஆக, நம் கடற்கரைக்குச் சிவப்பு ஒயின் ஒன்றும் புது விருந்தாளி அல்ல.

பழைய சாடியில் இருந்தது ஒயின்தானா என்று எப்படிச் சொல்வது? மேற்காசியாவில் ஆய்வாளர்கள் ஓட்டில் ஊறிய டார்டாரிக் அமிலத்தைத் தேடுவார்கள். அந்தப் பக்கத்தில் அவ்வளவு டார்டாரிக் அமிலம் தரும் பழம் திராட்சைதான். ஜார்ஜியாவில் ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழைய பானைகளில் ஒயினைக் கண்டதும் இந்தத் தடயத்தைக் கொண்டுதான். அதே முறையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் நம் புளியும் டார்டாரிக் அமிலக் களஞ்சியம். ஓட்டில் அமிலம் கிடைத்தது என்றால் உள்ளே யவன ஒயினும் இருந்திருக்கலாம், வசவசமுத்திரத்து ஆத்தா வைத்த மீன்குழம்பும் இருந்திருக்கலாம்.

*

இனி நிறம். இதற்கு மைஷோஸ் போக வேண்டாம், பஜாருக்குப் போய் அரைக் கிலோ பன்னீர் திராட்சை வாங்கினால் போதும். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட உழவர்கள் விளைவிக்கும் பழம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பன்னீர் என்ற பெயரை வைத்தவர் யாரோ, மூக்குள்ள மனிதர். இந்தப் பழத்தின் வாசனைக்குக் காரணமான லினலூல், ஜெரனியால் என்ற பொருள்கள் ரோஜாவிலும் உண்டு.

ஒரு பழத்தை வெள்ளைத் தட்டில் நசுக்கிப் பாருங்கள். வெளியே கருநீலம், உள்ளே வருவது வெளிறிய பச்சைச் சாறு. நிறம் முழுவதும் தோலில். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளும் இப்படித்தான், ஆகவே கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயினும் செய்யலாம். சிவப்பு வேண்டுமென்றால் தோலைப் பிரிக்காமல் சாற்றோடு ஊறவிட வேண்டும். தோலிலுள்ள ஆந்தோசயனின் நாவல் பழத்திலும் சங்குப்பூவிலும் செம்பருத்தியிலும் இருக்கிற அதே குடும்பம். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நிறம் புளிப்புக்குக் கட்டுப்பட்டது. ஒயினும் அப்படியே. புளிப்புக் குறைந்தால் சிவப்பின் பளபளப்பு மங்கிவிடும். வெப்பநாட்டுத் திராட்சைக்கு இது பெரிய தலைவலி. இரவிலும் சூடு இறங்காத ஊரில் பழம் தன் மாலிக் அமிலத்தைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். இனிப்பு ஏறும்போதே புளிப்பு இறங்கிப்போகும்.

தொட்டிக்குள் ஈஸ்ட் வேலையைத் தொடங்கியதும் கரியமில வாயு குமிழ்விட்டு எழும்பும். அது தோல்களையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் மேலே கனத்த ஏடாகக் கட்டிவைக்கும். அப்படியே விட்டால் ஏடு காய்ந்து, காற்றுப் பட்டு வினிகர் பாக்டீரியாவுக்கு வீடாகிவிடும். கீழே சாறு நிறமேறாமல் கிடக்கும். அதனால் நாளைக்கு இரண்டு மூன்று முறை அந்த ஏட்டை உள்ளே அமுக்க வேண்டும், அல்லது கீழிருக்கும் சாற்றை இறைத்து மேலே ஊற்ற வேண்டும். நிறம் முதல் சில நாளில் இறங்கிவிடும். ஆல்கஹால் கூடக்கூட விதையிலிருந்தும் தோலிலிருந்தும் டானின் இறங்கும். டானின் என்றால் வேறொன்றுமில்லை, துவர்ப்பு. கடுக்காயும் கொட்டைப்பாக்கும் நாக்கை இழுத்துப் பிடிப்பதுபோலவே ஒயினின் டானினும் எச்சிலின் புரதத்தைப் பற்றித் திரட்டிவிடும். வாய் வழுவழுப்பு இழந்து சொரசொரக்கும். ஒயின் ரசிகர்கள் பத்து வரி வர்ணிப்பதை நம் வைத்தியர்கள் அறுசுவையில் ஒன்றாக வைத்து ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

சூட்டைச் சொல்லவில்லையே. ஈஸ்ட் சர்க்கரையை உடைக்கும்போது வெப்பம் வெளியாகிறது. 22 பிரிக்ஸ் சாறு முழுவதும் புளித்து முடிவதற்குள், வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், தொடங்கிய சூட்டுக்கு மேல் 28 டிகிரி வரை ஏறிவிடும். சிவப்பு ஒயினுக்கு 25 முதல் 30 டிகிரி தோது. 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து, 40ஐ நெருங்கினால் பாதியில் கைவிட்டுவிடும். சின்னப் பானையில் இந்தத் தொல்லை இல்லை, சுவர் வழியாகச் சூடு இறங்கிவிடும். தொட்டி பெரிதாகப் பெரிதாகக் கொள்ளளவு வேகமாகக் கூடும், சுவர்ப்பரப்பு அந்த அளவுக்குக் கூடாது. சேர்ந்து தொட்டி கட்டியவர்களுக்குச் சேர்ந்தே ஒரு குளிரூட்டியும் வாங்க வேண்டிய கட்டாயம் இப்படி வந்தது. தனி ஆளால் முடியாத செலவு, சங்கத்தால் முடியும்.

கம்பத்தில் ஏன் இப்படி ஒரு சங்கத் தொட்டி இல்லை என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பன்னீர் திராட்சை அப்படியே தின்பதற்கே விலைபோகிறது. கவாத்தை மாற்றி மாற்றிச் செய்து, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் பறிக்கிறார்கள். கொடியில் இன்னும் பத்து நாள் விட்டு இனிப்பேற்றுவதைவிட, இன்றைக்கே பறித்துப் பெட்டியில் அடுக்குவது லாபம். ஒயின் காத்திருக்கச் சொல்லும் பயிர். காத்திருக்கக் கையில் காசு வேண்டும்.

*

படாளத்துக் கேள்விக்குத் திரும்பலாம். எடைமேடையில் ஒருவர் வண்டியில் முற்றிய கரும்பு. அடுத்தவர் வண்டியில் இரண்டு நாள் காய்ந்தது. இரண்டும் ஒரே உருளைக்குள் போகின்றன. இந்த நாட்டில் கரும்புக்கு மத்திய அரசு வைக்கும் விலையின் பெயர் நியாயமான ஆதாய விலை. 2024-25 பருவத்தில், 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு, அதாவது அரைத்த கரும்பின் எடையில் சர்க்கரையாகத் திரள்கிற பங்குக்கு, குவிண்டால் ரூ.340ஆக இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் ரூ.3.32 கூடியது, கீழே போனால் அதே கணக்கில் குறைந்தது. 9.5க்குக் கீழே எவ்வளவு போனாலும் ரூ.315.10இல் நின்றுவிட்டது. தமிழ்நாட்டு ஆலைகள் பல அந்த 9.5ஐ ஒட்டியும் அதற்குக் கீழும்தான் நிற்கின்றன.

கவனிக்க வேண்டியது, அந்தச் சதவீதம் ஆலையின் சராசரி. ஒருவருடைய கரும்பின் எண் அல்ல. தோட்டக்காரர் சோகையைத் தட்டிவிட்டபடியே சொன்னார்:

“எங்கரும்பு இருபது காட்டினாலும் அதே வெல, பதினஞ்சு காட்டினாலும் அதே வெல. அப்புறம் எனக்கு எதுக்கு சார் இந்தக் கொழாய்?”

பால் சங்கத்தில் இப்படி இல்லை. விடிகாலையில் ஊற்றும் ஒவ்வொரு கேனிலிருந்தும் மாதிரி எடுத்து, கொழுப்பும் இதர சத்தும் பார்த்து, அவரவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஒயின் சங்கங்களும் அந்தக் கட்சி. பழம் வந்து இறங்கும்போதே ஒவ்வொரு பாரத்தையும் அளந்து, எடையும் இனிப்பும் சேர்த்துத்தான் பணம். கரும்பில் பல டன் வண்டியை ஒரு சொட்டுச் சாற்றால் எடைபோடுவது சிரமம் என்பது உண்மைதான். ஆனாலும் என் அனுதாபம் தோட்டக்காரர் பக்கம்.

அளந்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா? 18 இனிப்பும் 22 இனிப்பும் சம அளவில் கலந்தால் 20. இது கூட்டல் கணக்கு. ஒயினில் இந்தக் கணக்கு செல்லாது. சாம்பல் பூஞ்சை பிடித்த திராட்சையில் லாக்கேஸ் என்ற நொதி உண்டு. அது நிறப்பொருளைக் காற்றோடு சேர்த்துப் பழுப்பாக்கிவிடும். ஒருவர் கூடையில் பத்துக் குலை அழுகல் இருந்தால், தொட்டியில் உள்ள எல்லோருடைய சிவப்பும் துருநிறமாகலாம். ஒரு துளி விஷம் குடம் பாலைக் கெடுக்கும் என்ற பேச்சு இங்கே வேதியியல்.

கரும்பிலும் இதற்கு ஒரு சகோதரி உண்டு, இன்னும் தந்திரக்காரி. வரிசையில் நிற்கும் கரும்பில் லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா வளரும். நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைப்பதும் இந்தக் குடும்பம்தான். இட்லிக்கு நல்லது, ஆலைக்குச் சனி. அது சுக்ரோஸைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற கோந்தை நூற்றுவைக்கும். சாறு கொழகொழத்து வடிகட்டிகளை அடைக்கும். படிகங்கள் ஊசியாக நீளும். அதோடு விடாது. டெக்ஸ்ட்ரானும் ஒளியை வலப்பக்கமே திருப்பும், அதுவும் சுக்ரோஸைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே ஒளித்திருப்பத்தைப் பார்க்கும் கருவி, காய்ந்து கெட்ட கரும்பைச் சர்க்கரை அதிகமுள்ளதாகக் காட்டிவிடக்கூடும். கூட்ரோட்டில் மூக்கில் பட்ட அந்தப் புளிப்பு, கருவியையே ஏமாற்றத் தெரிந்த புளிப்பு.

ஏமாற்று என்றதும் பிரான்ஸின் தெற்குக் கோடி நினைவுக்கு வருகிறது. அங்கே மரோசான் என்ற ஊரில் 1901 டிசம்பரில் சிறு உழவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்குச் ‘சுதந்திரத் திராட்சை உழவர்கள்’ என்று பொருள். சங்கத்தில் சேர்ந்தால் சுதந்திரம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் நம்மூரிலும் உண்டு. வியாபாரியிடமிருந்து விடுபடுவதே சுதந்திரம் என்றது மரோசான். தங்கள் சிவப்பு ஒயினை இடைத்தரகர் இல்லாமல் பாரிஸ் தொழிலாளர் நுகர்வோர் சங்கங்களுக்கே விற்றார்கள். 1905இல் சோஷலிசத் தலைவர் ழான் ழொரேஸ் நேரில் வந்து பார்த்தார்.

ஆனால் அவர்களைச் சுற்றி ஒரு சர்க்கரை வெள்ளம். வட பிரான்ஸில் பீட்ரூட் சர்க்கரை மலிவு. பிழிந்த திராட்சைச் சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து மறுபடி புளிக்கவைத்தால் ‘ஒயின்’ தயார். ஈஸ்ட்டுக்குச் சுக்ரோஸ் என்றால் கஷ்டமில்லை, ஜோடியை உடைக்கும் நொதி அதனிடமே இருக்கிறது. வெறும் ஆல்கஹால் அளவை மட்டும் பார்த்தால் அசலும் போலியும் ஒன்று. விலை சரிந்தது. 1907இல் தெற்கே லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நார்பொன் நகரில் படை சுட்டது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படைப் பிரிவு கலகம் செய்தது. ஜூன் முடிவதற்குள் ஒயினில் தண்ணீரும் சர்க்கரையும் கலப்பதற்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. கரும்போ பீட்ரூட்டோ, சர்க்கரை ஒயினின் தோழனாகவும் துரோகியாகவும் இருந்திருக்கிறது.

இதற்கெல்லாம் எனக்குப் பிடித்த விடை இத்தாலியில் பார்பரெஸ்கோ என்ற ஊரில் இருக்கிறது. ஆல்பா நகர ஒயின் பள்ளியின் தலைமையாசிரியர் டொமிட்சியோ கவாட்சா 1894இல் ஒன்பது தோட்டக்காரர்களைச் சேர்த்து அங்கே ஒரு சங்கம் தொடங்கினார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. 1958இல் ஊர்ப் பங்குச்சாமியார் 19 சிறு உழவர்களைக் கூட்டி மறுபடி தொடங்கினார். முதலில் சில ஆண்டு கோயிலின் நிலவறையில்தான் ஒயின் செய்தார்கள். நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சை, அதில் சிவப்பு ஒயின்.

1967 முதல் அவர்கள் ஒரு வேலை செய்கிறார்கள். நல்ல விளைச்சல் ஆண்டில் பேர்பெற்ற தோட்டங்களின் பழத்தைத் தனித்தனித் தொட்டியில் புளிக்கவைத்து, தோட்டத்தின் பெயரிலேயே தனித்தனிப் புட்டியில் அடைக்கிறார்கள். இப்போது அப்படி ஒன்பது தோட்டங்கள். மண் வேறு, சரிவு வேறு, வெயில் வேறு. நாக்கு அதைக் கண்டுபிடிக்கும். வானம் கைவிட்ட ஆண்டில் தனிப்புட்டி இல்லை. ஒன்பது தோட்டத்துப் பழமும் மற்றவர்களுடையதோடு பொதுத் தொட்டிக்குள் போய்விடும். பேர்பெற்ற தோட்டங்களின் சொந்தக்காரர்கள் தங்கள் பெயரை அந்த ஆண்டுக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். பொதுப் புட்டி சற்று மேலேறுகிறது.

இதைத் தோட்டக்காரரிடம் சொன்னேன். வரப்பில் உட்கார்ந்து கேட்டார். தனித்தனித் தொட்டி என்றதும் ஆலைப் புகைபோக்கி இருக்கிற திசையைப் பார்த்தார்.

“அங்க அத்தன தொட்டிக்கு எங்க சார் எடம்?” பிறகு, “அந்தச் சாமியார் ஊர்ல வெட்டு உத்தரவு யார் குடுப்பாங்க?”

இங்கே கரும்பை எப்போது வெட்டுவது என்று ஆலைதான் உத்தரவு போடும்; அங்கே பழம் எப்போது பறிப்பது என்பதைத் தோட்டக்காரர்தான் தீர்மானிப்பார் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பக்கத்துப் பாத்தியில் இன்னொரு கரும்பின் சோகையை உரித்து, கத்தி முனையால் நுனிக்கணுவில் குத்தி, குழலுக்குக் கையை நீட்டினார். இந்த முறை அவரே பார்த்தார். ஒரு கண்ணை இறுக்க மூடி, வெயிலை நோக்கி, ரொம்ப நேரம்.

“பதினேழு” என்றார். “மாட்டுப் பொங்கல் தாண்டட்டும்.”